பல்லோடு வந்த விருந்தாளி

பெரட்டுக் களத்தில் கட்டியிருந்த மேடைக்குப் பின்னால், ஒரு கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தேன். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் அதே களம்தான். திரைக்குப் பதிலாக இரண்டு சேலைகள் தொங்கின. கம்பளி என் கூட்டாளி சரோஜாவின் அம்மாவுடையது. மழை நாளில் அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் கொழுந்து எடுக்கப் போவார். அதில் தேயிலைச் சாயமும் அடுப்புப் புகையும் காயாத ஈரமும் கலந்த ஒரு மணம்.

என் முகம் முழுக்க அரிசி மாவு. தலைமுடி ஒரு பழைய தொப்பிக்குள். உதட்டில் பீட்ரூட் சாறு, நுவரெலியாப் பீட்ரூட், நல்ல சிவப்பு. நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பாதியை நானே தின்றிருந்தேன்.

“ஏய், ஒதட்ட நக்காத புள்ள. ரெத்தம் பத்தாமப் போயிரும்” என்று சரோஜா அதட்டினாள்.

அன்றைய நாடகத்தில் அவள் கதாநாயகி. நான் இரத்தக் காட்டேரி.

போன வாரம் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மின்சாரம் வந்த கதையை எழுதியிருந்தேன். கரண்ட் வந்ததும் டிவியில் முதலில் என்ன பார்த்தீர்கள் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். சாமி படம் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். ஆனால் நாங்கள் பார்த்தது பேய்ப் படம். அதிலிருந்துதான் இந்தக் கம்பளி வரைக்கும் வந்து சேர்ந்தேன்.

கோட்டுக்காரன்

நோர்வூட்டில் ஒரு கடையில் சீடி வாடகைக்குக் கொடுப்பார்கள். அப்படி வந்தது ஒரு வெளிநாட்டுப் படம். உறை தொலைந்துபோய் வந்ததால் அதன் பெயர் இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. தமிழில் பேசினார்கள், வாய் ஒரு பக்கம் போனது, பேச்சு ஒரு பக்கம் போனது. நீளக் கோட்டு போட்ட ஓர் இரத்தக் காட்டேரி அதில் வருவான்.

எங்கள் ஊரிலும் காட்டேரி உண்டு. அது வேறு ஆள். அதற்கு ஒரு கோழியும் கொஞ்சம் சாராயமும் வைத்தால் சமாதானம் ஆகிவிடும். இவனோ தலை வாரி, கோட்டுக்குப் பொத்தான் போட்டு, துரை வீட்டு விருந்துக்குப் போகிறவனைப் போல வந்தான். வந்தவன் வாசலில் நின்றான். “உள்ளே வரலாமா?” என்று கேட்டான். வீட்டுக்காரர் வா என்று சொல்லாமல் அவனால் படியைத் தாண்ட முடியாதாம். அவன் சாதிக்கு அப்படி ஒரு விதி.

எனக்கு அவன் மேல் அந்த நிமிடமே பிரியம் வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குக் கதவு இருந்தது, தட்டுகிற பழக்கம்தான் இல்லை. பக்கத்துக் காம்பரா அக்கா உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் உப்பு வேண்டும் என்பார். அது உரிமை, அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் தோட்டத்து ஆபீஸிலிருந்து யார் வந்தாலும் அப்படித்தான் வந்தார்கள். கூரை பார்க்க வந்தவர் செருப்போடு அடுப்பு வரைக்கும் வந்து, சட்டிக்குள்ளே என்ன என்றும் பார்த்துவிட்டுப் போனார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரோரம் நின்றார். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், யாரைக் கேட்க வேண்டும்?

அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவள் நான். வாசலில் நின்று அனுமதி கேட்டு, பதில் வரும் வரைக்கும் நனைந்துகொண்டு நிற்கிற ஒரு பெரிய மனிதனை அன்றுதான் பார்த்தேன். அவன் இரத்தம் குடிக்கிறவன் என்பது எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது.

கண்ணாடி இல்லாதவள், கடுகு எண்ணுகிறவன்

அதற்குப் பிறகு எனக்கு இதே வேலையாகப் போயிற்று. இரத்தக் காட்டேரிக் கதை எங்கே கிடைத்தாலும் படித்தேன், பார்த்தேன். எல்லாரையும் பிடித்தது என்று சொல்ல முடியாது. சும்மா கத்திக்கொண்டு கழுத்தில் பாய்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அந்த வேலைக்கு எங்கள் தேயிலை மலையில் அட்டைகள் போதும்.

மனதில் நின்றவர்களில் ஒருத்தி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பழைய வார இதழின் தொடர்கதையில் வந்தவள். அவளுக்குக் கண்ணாடியில் முகம் தெரியாது. அதனால் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் போய் “இன்றைக்கு நான் எப்படி இருக்கிறேன்?” என்று கேட்பாள். அந்தப் பெண் சொல்வதை வைத்துத்தான் தன் முகத்தைத் தெரிந்துகொள்வாள். கடைசிப் பகுதி வந்த தாளில் கடைக்காரர் பருப்பு சுற்றிக் கொடுத்துவிட்டார், முடிவு எனக்குக் கிடைக்கவில்லை. கண்ணாடியே இல்லாமல் வாழ முடிகிற அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

இன்னொருவன் கடுகைக் கொட்டினால் ஒன்று விடாமல் எண்ணிவிட்டுத்தான் ஆளைத் துரத்துவான். விடிந்தாலும் எண்ணுவான், செத்தாலும் எண்ணுவான். இதைச் சொன்னபோது சரோஜாவின் அம்மா தலையை ஆட்டிக்கொண்டே, “அவர நம்ம மலைக்குக் கொழுந்து நிறுக்க அனுப்பச் சொல்லு புள்ள. ஒரு கிலோ கொறையாது” என்றார்.

ஆனால் உண்மையான காரணம் வேறு. இவர்கள் எல்லாருக்கும் என் பல் இருந்தது.

என் பல்

மேல் வரிசையில் இரண்டு ஓரத்திலும் கோரைப்பற்கள் கூராக, மற்றப் பற்களை விட்டு ஒரு படி முன்னால் வந்து நிற்கும். தெத்துப்பல் என்பார்கள். சிறுவயதில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில்தான் ஆரம்பித்தது. “பிலோமினா சிரிச்சா பொழுது சாயும்” என்று ஒருவன் பாட்டுக் கட்டினான். நான் அவனைத் துரத்திப்போய்க் கல்லால் அடித்தேன். அதற்கும் பல்லைத்தான் குறை சொன்னார்கள்.

பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, பாட்டுப் பாடும்போதுகூட உதட்டை மூடி மூடித்தான் பாடினேன். என் கூடப் படித்தவர்களே என் முழுச் சிரிப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

படிப்பு முடிந்து, எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குப் போகிற அம்மாமார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நான் சேர்ந்திருந்த நேரம். அப்பாவின் தங்கை, மஸ்கெலியா அத்தை, ஒரு வரன் கொண்டு வந்தார். பையன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. நல்ல குடும்பம், பூசைக்குத் தவறாமல் போகிறவர்கள்.

“பையன் தங்கம், அண்ணி. ஆனா அவுக வந்து பாக்குறதுக்கு முன்னாடி இவ பல்லுக்கு ஒரு வழி பண்ணிருங்க” என்றார் அத்தை.

அம்மாவுக்கு அது ஆண்டவர் சொன்ன வாக்காகப் பட்டது. என்னை ஹட்டனில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா நல்லவர். “பல்லில் ஒரு பழுதும் இல்லை. பிடுங்கினால் திரும்ப வராது. யோசித்துவிட்டு வாருங்கள்” என்றார். அம்மா அங்கேயே நின்று யோசித்து முடித்துவிட்டு நாள் வாங்கினார். நத்தார் முடிந்து வரும் செவ்வாய்க்கிழமை. ஓட்டைக்குக் கட்டுப்பல் வைத்துவிடலாம், அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வரலாம்.

நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அந்தப் பற்கள் போனால் போதும் என்றுதான் அப்போது தோன்றியது. சரோஜாதான், “பல்லுப் போனா சொல்லுப் போச்சுன்னு சொல்லுவாங்க புள்ள” என்று முனகினாள். அவளுக்கு வரிசையான பல், அவள் எதுவும் பேசலாம்.

கொழும்புப் பல்

வருடா வருடம் நத்தாரை ஒட்டி எங்கள் வாலிபர் சங்கம் ஒரு நாடகம் போடும். வேதக்காரர், சைவக்காரர் என்ற பிரிவெல்லாம் நாடகத்துக்குக் கிடையாது. எழுதுவதும் நடத்துவதும் ஜெயசீலன் அண்ணன். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறவர், பண்டிகைக்கு ஊருக்கு வந்தால் ஏதாவது ஒரு நீதியோடுதான் வருவார்.

அந்த வருட நீதி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்க வரும் ஏஜென்ட்டை வீட்டுக்குள் விடாதே என்பது. நேராகச் சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் இரத்தக் காட்டேரியாகச் சொல்கிறார். மழை பெய்கிற சாயங்காலம். லயத்தில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். கோட்டுப் போட்ட ஒருவன் வாசலில் வந்து, உள்ளே வரலாமா என்று கெஞ்சுகிறான். அவள் கடைசி வரைக்கும் மறுக்கிறாள். சேவல் கூவுகிறது, அவன் விழுந்து சாகிறான்.

காட்டேரி அவர்தான். கொழும்பிலிருந்து பிளாஸ்டிக் பல்லும் வாங்கி வந்திருந்தார். ஒத்திகையில் அதை மாட்டிக்கொண்டு வசனம் பேசினார். முதல் வார்த்தையிலேயே பல் தெறித்துப் போய்ச் சரோஜாவின் மடியில் விழுந்தது. நூல் போட்டுக் கட்டிப் பார்த்தார், எச்சில்தான் வழிந்தது. கடைசியில், தான் பின்னால் நின்று மைக்கில் பேசுவதாகவும், வேறொருவர் பல்லோடு முன்னால் நிற்கட்டும் என்றும் முடிவாயிற்று. அந்த வேறொருவருக்கும் பல் நிற்கவில்லை.

“அண்ணே, பிளாஸ்டிக் எதுக்கு? நம்ம பிலோவுக்கு ஆண்டவன் குடுத்ததே இருக்கே” என்றாள் சரோஜா.

நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அவள் சொன்னதில் வஞ்சகம் இல்லை என்று தெரிந்தும்தான்.

மறுநாள் பிள்ளைக் காம்பராவில் தொட்டிலை ஆட்டிக்கொண்டே யோசித்தேன். செவ்வாய்க்கிழமை போகப் போகிற பல். இத்தனை வருடம் சோறு மென்றதைத் தவிர ஒரு பெருமையும் காணாத பல். போவதற்கு முன்னால் ஒரு நல்ல வேலை செய்துவிட்டுப் போகட்டுமே என்று பட்டது. சாயங்காலம் போய், சரி என்றேன்.

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. மேடைக்குப் பின்னால் சேலை பிடிக்கப் போகிறேன் என்றேன். எங்கள் பக்கம் காமன் கூத்தில் ரதியாக ஆம்பிளைதான் வேடம் கட்டுவார், எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு பொம்பிளைப் பிள்ளை ஆம்பிளையாக வந்து நிற்பாள் என்று யாருக்கும் நினைப்பே வராது. அந்தத் தைரியம்தான்.

உள்ளே வரலாமா?

சேலையை விலக்கிவிட்டார்கள். மேடை நடுவில், பிள்ளைக் காம்பராவிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய கதவு ஒன்றை நிறுத்தியிருந்தோம். கதவுக்கு உள்ளே சரோஜா. வெளியே நான். களத்தில் சாக்கு விரித்து மொத்தத் தோட்டமும் உட்கார்ந்திருந்தது. முன் வரிசையில் அம்மா, மடியில் கடலைப் பொட்டலத்தோடு.

நான் வாயைத் திறந்தேன். ஜெயசீலன் அண்ணனின் குரல் மைக்கில் கரகரவென்று வந்தது. “அம்மணி, நான் வெகு தூரத்திலிருந்து வருகிறேன். உள்ளே வரலாமா?”

என் பல்லைப் பார்த்ததும் பிள்ளைகள் வீரிட்டன. பின்னாலிருந்து விசில் வந்தது.

“முடியாது, போ!” என்றாள் சரோஜா.

அந்த நேரம் பார்த்து உண்மையாகவே மழை தூற ஆரம்பித்தது. சரோஜா இருந்த பக்கம் மேலே படங்குத் தார்ப்பாய் கட்டியிருந்தோம். என் பக்கம் ஒன்றும் இல்லை. கம்பளி நனைந்து கனத்தது, முகத்து மாவு கரைந்து கழுத்தில் இறங்கியது. இரண்டாம் தடவையும் கேட்டேன், அவள் இரண்டாம் தடவையும் முடியாது என்றாள்.

முன் வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“ஏம்புள்ள சரோஜா! மனுசன் மழையில நனையிறாரு, வாசல்ல நிக்க வச்சுக்கிட்டு என்னா பேச்சு? உள்ள கூப்புடு!”

அம்மா.

அவ்வளவுதான். ஒருவர் ஆரம்பித்தால் போதாதா? “ஆமா, பாவம்!”, “நம்ம லயத்துல யார இப்பிடி நிக்க வச்சிருக்கோம்?”, “வாங்க தம்பி, உள்ள வாங்க!” என்று நாலு பக்கமிருந்தும் கூப்பிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு வாசலில் ஒரு ஆள் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. வந்தவன் இரத்தம் குடிக்கிறவனா, ஏஜென்ட்டா என்பதெல்லாம் உட்கார வைத்த பிறகு விசாரிக்கிற விசயம்.

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மைக்கில் ஜெயசீலன் அண்ணன் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“சரி... வாங்க” என்றாள் சரோஜா.

கதவைத் தாண்டி உள்ளே போனேன். களமே கைதட்டியது. அடுத்து என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. எங்கள் வீடுகளில் வந்தவருக்கு முதலில் எதைக் கொடுப்போமோ அதையே கொடுத்தாள். எங்களுக்கென்று வைத்திருந்த போத்தலிலிருந்து பிளேன்டியை ஊற்றி நீட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு கையில் டீ, இன்னொரு கை கம்பளிக்குள் மாட்டிக்கொண்டது, வாயை மூடக் கை இல்லை. தோட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பல் அத்தனையும் தெரிய, வயிறு குலுங்கச் சிரித்தேன். களமும் சேர்ந்து சிரித்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோசத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

ஜெயசீலன் அண்ணன் ஒருவழியாகச் சுதாரித்து, “இந்த வீட்டு டீயைக் குடித்த பிறகு எனக்கு இரத்தம் வேண்டாம்” என்று சொல்லி நாடகத்தை முடித்துவைத்தார். இறங்கி வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏஜென்ட்டையே கூப்புட்டு உக்கார வச்சிட்டீங்களே, நீங்கள்லாம் உருப்புடுவீங்களா?”

அம்மாவின் கேள்வி

முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். நாடகத்தைப் பற்றித்தான் பேச்சு.

“அந்தப் பையன் யாருடி? மேக்கணக்கு லயத்துப் பயலா? பாவம், என்னா நனைச்சல். ஆனா பல்லு பாத்தியா? ஜெயசீலன் போன தடவ வாங்கிட்டு வந்த தாடி மாதிரி இல்ல. அப்பிடியே அசலா இருந்துச்சு. அந்தப் பையன் சிரிக்கிறப்ப எனக்கு நெஞ்சே நெறஞ்சு போச்சு. மொகத்துக்கே அந்தப் பல்லுதான் அழகு. கொழும்புல எங்க வாங்குனானாம்?”

நான் அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“கொழும்புல வாங்கலம்மா. நீங்க குடுத்தது.”

அம்மா திரும்பினார். என் காதோரம் மாவு முழுதாகப் போகாமல் இருந்திருக்க வேண்டும். மாவுக் கையோடு எழுந்து வந்து என் நாடியைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். “சிரி” என்றார். சிரிக்க வரவில்லை, அழுகை வந்தது. அம்மாவுக்கும் வந்தது. அடுப்பில் ரொட்டி கருகியது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பொட்டப்புள்ள எங்கிட்டச் சொல்லாம மேடையேறுனதுக்கு ஒனக்குத் தனியா இருக்கு” என்றார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. ஹட்டன் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று நான் சேலை மாற்றிக்கொண்டு நின்றேன். அம்மா இடுப்பில் படங்கைக் கட்டி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டார். நானும் சேலையை மாற்றிவிட்டுப் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை

பல் டாக்டரிடம் போகாதது அத்தைக்குத் தெரியாது. சொன்னபடி பூசை முடிந்து மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் மனம் கலங்க வேண்டாம். அதற்குப் பிறகு வேறொருவர் வந்தார். அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஆசிரியர் கொடுத்த பக்கம் போதாது.

பையன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா நல்ல மனுசி, குரலில் ஒரு கெடுதலும் இல்லை. நான் டீத் தட்டை நீட்டியபோது என் முகத்தைப் பார்த்தார்.

“புள்ள லட்சணமா இருக்கா. அந்தப் பல்லு ரெண்ட மட்டும் எடுத்துட்டாச் சரியாப் போயிரும். இப்பல்லாம் அது லேசான வேலையாம்” என்றார்.

அத்தை அம்மாவை முறைத்தார். என் கை தானாக வாய்க்குப் போனது. பக்கத்தில் நின்ற அம்மா, அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். தேயிலைக் காம்பு கீறிக் கீறிக் காய்த்துப் போன கை, விடாமல் பிடித்திருந்தது.

“எம்மக பல்லோடதாங்க வருவா” என்றார் அம்மா. “புடிச்சிருந்தாக் கூட்டிக்கிட்டுப் போங்க. இல்லாட்டி டீயக் குடிச்சிட்டுப் போங்க, ஆறிப் போகுது.”